லீவு கொடுப்பது யார்?

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரச் சத்தம் ஓய்ந்திருந்த சமயம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். மெதுவாக எட்டிப் பார்த்தேன். லீவு லெட்டர்!

மறுநாள் உறவில் ஒரு கல்யாணம். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் லீவு வேண்டும். ஆனால் பிள்ளையாண்டான் எழுதியிருந்தது என்ன தெரியுமா? "ஆஸ் ஐ ஆம் ஸஃபரிங் ஃப்ரம் ஃபீவர், கைண்ட்லி கிராண்ட் மி லீவ் ஃபார் ஒன் டே."

"ஏண்டா, உனக்கு ஏதுடா ஜுரம்?" என்றேன்.

"ஜுரமெல்லாம் இல்லே பாட்டி. லீவு லெட்டர்னா இப்படித்தான் எழுதணும்!"

வாஸ்தவந்தான். அவன் அப்பா எழுதியதும் இதுதான். அவன் தாத்தா எழுதியதும் இதுதான். கல்யாணமானாலும் சரி, காதுகுத்தானாலும் சரி, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஜுரத்தில்தான் படுத்திருக்கிறார்கள். "கல்யாணம் என்றே எழுது, தப்பில்லை" என்று சொல்லி வேறு காகிதம் எடுத்துக் கொடுத்தேன்.

பேனாவைக் கடித்துக்கொண்டே யோசித்தான். பிறகு கேட்டான்: "பாட்டி, லீவ்னா 'விட்டுட்டுப் போறது'ன்னுதானே மிஸ் சொல்லிக் கொடுத்தாங்க? அப்போ, 'எனக்குப் போறதைக் கொடுங்க'ன்னா கேக்கறோம்? போறதை எப்படிக் கொடுப்பாங்க?"

அடுக்களையில் மறுநாளைக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மருமகள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "அப்படியே எனக்கும் ஒரு லெட்டர் எழுதிடு கண்ணு. யார் பேருக்கு எழுதறதுன்னு மட்டும் பாட்டியைக் கேட்டுச் சொல்லு."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நான் சிரித்ததைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பேரனின் கேள்வி.

★

தமிழில் 'ஆறு' என்றால் நதி. 'ஆறு' என்றால் ஓர் எண்ணும்கூட. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதே மாதிரிதான் ஆங்கிலத்து 'லீவ்'. விட்டுப் போவதைச் சொல்லும் லீவ் ஒரு வார்த்தை. நாம் லெட்டர் எழுதிக் கேட்கிறோமே, அந்த லீவ் வேறு வார்த்தை. பேச்சில் ஒலி ஒன்றாகிப் போனதால் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரிகின்றன. உண்மையில் அவை வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

லெட்டரில் வரும் லீவுக்கு ஆதியில் ஒரே பொருள்தான்: அனுமதி. பழைய ஆங்கிலத்தில் 'லேயாஃப்' என்பது போல ஒலித்தது. வேலைக்காரன் எஜமானிடம் போய் நின்று, "உங்கள் லீவ் உண்டானால் போய் வருகிறேன்" என்பான். நம் பக்கத்தில், "உத்தரவு கொடுங்கள், போய் வருகிறேன்" என்பார்களே, அச்சாக அதே பேச்சு! 'டேக்கிங் லீவ்' என்று ஆங்கிலத்தில் விடைபெறுவதைச் சொல்வதும் இதனால்தான். விருந்துக்கு வந்தவர்கள் வீட்டுக்காரரிடம் அனுமதி பெற்றுக்கொண்டு புறப்படுவது மரியாதை.

அந்த மரியாதையைக் காற்றில் விட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நழுவுகிறவர்களும் உண்டு அல்லவா? அதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'ஃப்ரெஞ்ச் லீவ்'. பிரெஞ்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதே காரியத்துக்கு அவர்கள் சொல்வது, 'ஆங்கிலேயன் பாணியில் நழுவுவது'. எந்த ஊரானாலும் பழி பக்கத்து வீட்டுக்குத்தான்!

18-ஆம் நூற்றாண்டிலேயே படைகளில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்வு வந்துவிட்டது. சிப்பாய் முகாமை விட்டு வெளியே போக அனுமதி வேண்டும். நாளடைவில் அந்த அனுமதியின் பெயரே, அனுமதி வாங்கிக்கொண்டு கழிக்கும் நாட்களுக்கும் பெயராகிவிட்டது. பிறகு சர்க்கார் ஆபீஸ், பாங்கு, பள்ளிக்கூடம் என்று வந்து, கடைசியில் நம் வீட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதும் லெட்டர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஜெர்மானியர் விடுமுறையை 'ஊர்லவுப்' என்பார்கள். அதற்கும் பழைய பொருள் அனுமதிதான். கம்பெனி காலத்து வெள்ளைக்காரத் துரைகள் 'ஃபர்லோ' என்று நீண்ட லீவு வாங்கிக்கொண்டு கப்பலேறுவார்களே, அது டச்சு மொழியிலிருந்து வந்த சொல்; அதுவும் அனுமதிதான். நம் பழைய கதைகளில் குமாஸ்தாக்கள் 'ரஜா' வாங்குவார்கள், ஞாபகம் இருக்கிறதா? அது அரபியில் சம்மதம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பாரசீகம் வழியாக நம் கச்சேரிகளுக்கு வந்து சேர்ந்தது. எந்தத் தேசத்தில் பார்த்தாலும், ஓய்வுக்கு முன்னால் ஒருவர் தலையாட்ட வேண்டியிருக்கிறது!

சர்க்கார் இதை மறைக்கவும் இல்லை. மத்திய அரசின் 1972-ஆம் வருஷத்து லீவு விதிகளில், லீவை உரிமையாகக் கேட்க முடியாது என்றே எழுதியிருக்கிறது. கேட்கலாம், கொடுப்பது மேலதிகாரியின் கையில்.

★

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது.

இந்த லீவ் என்ற சொல்லின் வேரைத் தோண்டிக்கொண்டே போன மொழி வல்லுநர்கள் அடியில் எதைக் கண்டார்கள் தெரியுமா? பிரியத்தை! விரும்புதல், நேசித்தல் என்ற பொருளுள்ள ஒரு மூலத்திலிருந்து பிறந்தவை மூன்று சொற்கள்: லவ், பிலீவ், லீவ். அன்பு, நம்பிக்கை, அனுமதி. மூன்றும் உடன்பிறப்புகள். 'உன் பிரியம்போல் செய்' என்று சொல்லும்போது நாமும் அனுமதியைத்தானே கொடுக்கிறோம்?

லீவு லெட்டரையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஜுரம் என்று பையன் எழுதியதை வாத்தியாரம்மா நம்பினால் அது பிலீவ். போய்ப் படுத்துக்கொள் என்று அனுப்பினால் லீவ். இரண்டுக்கும் அடியில் இருப்பது லவ்.

அதே மூலம் வடமொழியில் லோபம் என்று ஆயிற்று. ஆசை, பேராசை. அதிலிருந்து வந்தவர்தான் நமக்கு நன்றாகத் தெரிந்த உலோபி! லீவு கேட்டால் முகத்தைச் சுளிக்கும் மேலதிகாரிகள் ஏன் அப்படி இருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? லீவும் உலோபியும் தூரத்துப் பங்காளிகள்!

★

நம் தமிழ் வேறு வழியில் போயிருக்கிறது. நாம் 'விடுமுறை' என்கிறோம். ஆபீஸ் பாஷையில் 'விடுப்பு'. இரண்டும் 'விடு' என்பதிலிருந்து வந்தவை. கட்டிப் போட்டிருந்ததை அவிழ்த்து விடுவது. ஹிந்திக்காரர்களின் 'ச்சுட்டி'யும் அவிழ்வது, விடுபடுவது என்ற பொருளில் வந்ததுதான். அனுமதியைக் காட்டிலும் விடுதலை ஒரு படி உயர்ந்ததில்லையா?

ஆனால் பேச்சில் நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது லீவைத்தான். அதற்கு நாம் சேர்க்கும் வினைச்சொற்களைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம் லீவு 'விடுகிறது'. குமாஸ்தா லீவு 'போடுகிறார்'. பயந்தவர் லீவு 'கேட்கிறார்'. துணிந்தவர் லீவு 'எடுக்கிறார்'. மானேஜர் 'கொடுக்கிறார்'. பையன் 'மட்டம் போடுகிறான்'. யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பது வினைச்சொல்லிலேயே தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு என்ன வினைச்சொல்? யோசித்துப் பாருங்கள். 'அம்மா லீவு விட்டாள்', 'அம்மா லீவு போட்டாள்'. எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? ஆபீஸுக்குப் போகும் அம்மாவானால் ஆபீஸுக்கு லீவு போடுவாள். எதற்கு? வீட்டில் விசேஷம், ஆள் வருகிறார்கள், குழந்தைக்கு உடம்பு சரியில்லை. ஆக, அங்கே போட்ட லீவு இங்கே வேலைக்கு! முழுப் பரீட்சை லீவு வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வேளைக்கு ஒரு தின்பண்டம் கேட்கும் கூட்டத்துக்கு நடுவே அடுப்புக்குத்தான் ஓய்வே இல்லை.

இன்னொரு வேடிக்கை. 'விடு' என்ற அதே வேரிலிருந்து பிறந்த சொல்தான் 'வீடு'. அறம், பொருள், இன்பம், வீடு என்று அடுக்கும்போது அந்த வீட்டுக்கு விடுதலை என்று பொருள். நாம் குடியிருக்கும் வீட்டுக்கும் அதே பெயர். வெளியே அலைந்துவிட்டு வருகிறவர்கள் பாரத்தை இறக்கி வைக்கும் இடம். சரி, அந்த வீட்டிலேயே இருப்பவள் தன் பாரத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பாள்?

★

என் சிறு வயதில் பெண்களுக்கு லீவு என்று ஒன்று இருந்ததானால், அது பிறந்த வீட்டுக்குப் போவதுதான். அதற்கும் லெட்டர் உண்டு! என் அம்மாவின் அப்பா ஒரு கார்டு போடுவார். பிறகு தாமே பழக்கூடையும் பட்சணமுமாக வந்து, சம்பந்தியம்மாளுக்கு முன்னால் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "நாலு நாள் குழந்தையை அனுப்பி வைத்தால்…" என்று இழுப்பார். பாட்டி உடனே பதில் சொல்லமாட்டாள். காப்பி வரும், ஊர்க்கதை வரும். அம்மா கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். லீவு என்ற சொல்லின் பழைய பொருளை நான் அகராதியில் படிப்பதற்கு முன்பே அந்தக் கதவுக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன்.

மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி இருந்ததே ஓய்வுதான் என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. தள்ளி வைப்பதும் லீவு கொடுப்பதும் ஒன்றாகுமா? பிரியத்தில் பிறந்த வார்த்தையை அதோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். வெளியே வேலை செய்கிறவர்களுக்கும் லீவு தானாக வந்துவிடவில்லை. இங்கிலாந்தில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து ஒரு காலத்தில் பண்டிகையும் புனிதர் தினமுமாக வருஷத்தில் 33 நாள் மூடிக் கிடந்தது. 1834-ல் அதை நாலே நாளாகக் குறைத்துவிட்டார்கள். 1871-ல் ஸர் ஜான் லப்பக் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் முயற்சியால் பாங்கு விடுமுறைக்கென்று ஒரு சட்டமே வந்தது. சந்தோஷம் தாங்காத ஜனங்கள், அந்த நாளை 'புனித லப்பக் தினம்' என்று கேலியும் அன்புமாகக் கூப்பிட்டார்களாம்!

நம் பம்பாயில் மில் தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது 1890-ல். நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் வருஷக்கணக்காக மனு எழுதி, கூட்டம் கூட்டிப் போராடியதன் பலன் அது. அந்தக் கூட்டத்தில் பெண் தொழிலாளிகளும் மேடையேறிப் பேசினார்கள். மறு வருஷமே, 1891-ல், வாரம் ஒரு நாள் ஓய்வு தொழிற்சாலைச் சட்டத்தில் இடம் பெற்றது. பிரசவ லீவும் அப்படித்தான். 1961-ஆம் வருஷச் சட்டத்தில் 12 வாரமாக இருந்தது, 2017-ல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது.

வாசல்படிக்கு வெளியே இவ்வளவு நடந்திருக்கிறது. உள்ளே? 2019-ல் மத்திய அரசு ஒரு கணக்கெடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிஷம் அதில் செலவிடுகிறார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் வீட்டு வேலையில் கையே வைக்கிறார்கள். அவர்களுடைய கணக்கு 97 நிமிஷம்.

★

இப்போது நான் சிரித்த கதைக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை கல்யாணம் முடிந்தது. மருமகள் பாங்கில் ஒரு காஷுவல் லீவு போட்டுவிட்டு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவள். வெளியூர் உறவினர் ஆறு பேர் ஞாயிறு வரை எங்கள் வீட்டில் தங்கினார்கள். டிபன், சாப்பாடு, காப்பி என்று மூன்று நாளும் அவள்தான் நின்றாள். நானும் உதவினேன் என்று சொல்ல ஆசைதான்; என் முழங்கால் அதற்கு இடம் கொடுக்கவில்லை. என் மகன் எல்லாரையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, களைப்பாக இருக்கிறது என்று படுத்துவிட்டான்.

ஞாயிறு மாலை. "அம்மாடி, இன்னும் அரை டம்ளர் காப்பி இருக்குமா?" என்று கேட்டேன். கொண்டு வந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கும்போது அவள் விரல் என் கையில் பட்டது. காப்பியைவிட விரல் சூடாக இருந்தது.

"என்ன இது? எப்போதிலிருந்து?"

"நேத்து ராத்திரியிலிருந்து அத்தை. மாத்திரை போட்டிருக்கேன், சரியாயிடும்."

நேற்று ராத்திரியிலிருந்து! அந்தச் சூட்டோடு இருபத்தைந்து சப்பாத்தி இட்டிருக்கிறாள். வீடு நிறைய ஆட்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. வார்த்தைகளுக்குப் பொருள் தேடுகிற என் கண்ணிலும் படவில்லை. வியாழக்கிழமை அவள் கேட்டாளே, "யார் பேருக்கு எழுதறது?" என்று? அது வேடிக்கையல்ல, விலாசம் கேட்டிருக்கிறாள். அந்த விலாசத்துக்காரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

பேரனைக் கூப்பிட்டேன். "டேய், லீவு லெட்டர் எழுது. ஆஸ் மை மதர் இஸ் ஸஃபரிங் ஃப்ரம் ஃபீவர்… நிஜ ஜுரம்டா, பயப்படாமல் எழுது!"

எழுதினான். நான் 'கிராண்டட்' என்று கையெழுத்துப் போட்டேன். மகனை எழுப்பி, அதை அவன் கையில் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு அடுக்களைக்குப் போனான். அன்றைய ரசம் கொஞ்சம் உப்புதான். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவனே இரண்டாம் நாள் சரியாக வைத்தான்.

நாலாவது நாள் மருமகள் எழுந்து வந்தாள். வந்ததும் வராததுமாக, "உங்களுக்கெல்லாம் ரொம்பக் கஷ்டம் கொடுத்துட்டேன் அத்தை" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் மானேஜரோ வாத்தியாரோ யாரிடமாவது இப்படி மன்னிப்புக் கேட்பது உண்டா?

★

ஐஸ்லாந்து என்று வடகோடியில் ஒரு சின்னத் தேசம். அங்கே 1975-ஆம் வருஷம் அக்டோபர் 24-ஆம் தேதி பெண்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். ஆபீஸுக்குப் போகவில்லை, அடுப்பும் மூட்டவில்லை, குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள்! தலைநகரான ரேக்யவிக்கில் சுமார் 25,000 பேர் கூடினார்கள். அப்போது அந்தத் தேசத்தின் ஜனத்தொகையே ஏறக்குறைய 2,20,000தான். தகப்பனார்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார்கள். சுலபமாகச் சமைக்கலாம் என்று கடைகளில் இருந்த சாஸேஜ் முழுவதையும் வாங்கித் தீர்த்துவிட்டார்களாம்!

முதலில் இதற்கு 'வேலை நிறுத்தம்' என்றுதான் பெயர் வைக்க நினைத்தார்கள். சிலர் தயங்கினார்கள். அதனால் 'பெண்களின் லீவு நாள்' என்று மாற்றினார்கள். உடனே எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒரு வார்த்தை செய்த வேலையைப் பாருங்கள்! அடுத்த வருஷமே ஆண் பெண் சமத்துவத்துக்கு அங்கே சட்டம் வந்தது. 1980-ல் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் என்ற பெண்மணியை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். உலகத்திலேயே ஜன வாக்கினால் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். அவர்கள் லீவுக்குச் சொன்ன 'ஃப்ரீ' என்ற சொல்லின் வேரும் நமக்குப் பழக்கமானதுதான். வடமொழியில் அதுவே 'பிரிய' என்று ஆகி, நம் வீடுகளில் பிரியாவாக ஓடியாடிக்கொண்டிருக்கிறது!

எங்கள் வீட்டிலும் இப்போது ஓர் ஏற்பாடு. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அடுக்களையில் மருமகளுக்கு லீவு. லெட்டர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். காலண்டரில் பேரன் சிவப்புப் பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறான். சுழித்து முடித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டான்:

"பாட்டி, இது சம்பளத்தோட லீவா, சம்பளம் இல்லாத லீவா?"

இந்தக் கேள்விக்கு எந்த அகராதியைப் புரட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

(அடுத்த வாரம்: 'டிபன்')